ஜாலான் அம்பாஸில் எழுதப்பட்ட திரைக்கதைகள்: பொதுமக்களுக்கான கதையாக்கத்தில் இந்திய இயக்குநர்களின் பங்கு

முன்னுரை

சிங்கப்பூரின் பாலஸ்தியர் சாலையிலிருந்து பிரியும் சிறு தெரு ஜாலான் அம்பாஸ். இரண்டாம் உலகப் போர் முடிந்தபின், 1947 முதல் 1967 வரை, ஷா சகோதரர்களின் மலாய்ப் படப்பிடிப்புக் கூடம் இத்தெருவில் இயங்கியது. அங்குத் தயாரான படங்களைக் காலஞ்சென்ற பி. ரம்லியின் பெயரோடு இணைத்தே இன்று நாம் நினைவுகூர்கிறோம். ஆயினும் ரம்லி தம் முதற் படத்தை இயக்கியது 1955 ஆம் ஆண்டில்தான். அதற்கு முன்னும், அதன் பின்னர்ச் சில ஆண்டுகளும், அக்கூடத்தில் இயக்குநர் நாற்காலியில் அமர்ந்தோர் பெரும்பாலும் இந்தியாவிலிருந்து வருவிக்கப்பட்டவர்களே. பி. எஸ். ராஜ்ஹன்ஸ், எல். கிருஷ்ணன், எஸ். இராமநாதன், பி. என். ராவ், கே. எம். பாஸ்கர், பணி மஜும்தார் முதலியோர் அவர்களுள் குறிப்பிடத்தக்கோர்.

இவர்களைப் பற்றி இருவகைக் கூற்றுகள் வழங்கிவருகின்றன. மலாய்த் திரைப்படத்தைத் தோற்றுவித்தவர் தமிழரே என்னும் பெருமிதம் நம் மேடைகளில் அவ்வப்போது ஒலிக்கிறது. இது பிழையானது. ராஜ்ஹன்ஸ் வட இந்தியர், மஜும்தார் வங்காளி. இவர்களையெல்லாம் தமிழர் கணக்கில் சேர்ப்பது வரலாறு ஆகாது. மற்றொரு புறம், மலாய்த் திறனாய்வாளர் ஒரு சாரார், இவர்கள் ஆக்கியவை மலாய் முகங்களைக் கொண்டு எடுக்கப்பட்ட இந்தியப் படங்களே என்றனர். இக்கூற்றில் உண்மையுண்டு, எனினும் அது முழு உண்மையன்று. இருசாராரும் இயக்குநரின் இனத்தை நோக்கினரேயன்றி, அவர் கையிலிருந்த திரைக்கதையை நோக்கினர் அல்லர். தமக்குத் தெரியாத மொழியில், தாம் வாழ்ந்தறியாத சமூகத்திற்கு, அச்சமூகமே திரண்டுவந்து காணும் வண்ணம் ஒரு கதையை எவ்வாறு எழுத இயலும்? இவ்வினாவை முன்வைத்தே ஈண்டுச் சில படங்களை ஆராய முற்படுகிறோம்.

பொது மூதாதை

1870களில் பார்சி நாடகக் குழுக்கள் பினாங்குக்கு வந்து இந்துஸ்தானி மொழியில் நாடகங்களை நடத்தின. மொழி புரியாத மலாய் மக்களும் அவற்றைக் கண்டு களித்தனர். விரைவில் உள்ளூரார் அந்நாடகங்களை மலாயில் போலச்செய்யத் தொடங்கினர். தொடக்கத்தில் இதற்குப் பார்சி நாடகப் போலி என்ற பொருளிலேயே பெயர் வழங்கிற்று. 1885 இல் பினாங்கைச் சேர்ந்த மாமாக் புஷி என்பார் நிறுவிய குழுவே 'பங்சாவான்' என்னும் பெயரை நிலைபெறச் செய்தது.

இதே பார்சிக் குழுக்கள் தென்னிந்தியாவிலும் வலம்வந்தன என்பதும், வரைந்த காட்சித் திரைகள், பாட்டு மிகுந்த உரையாடல், இடையிடையே நகைச்சுவை ஆகிய இவர்தம் முறைகள் தமிழ்க் கம்பெனி நாடகங்களில் படிந்தன என்பதும் நாம் அறிந்தவையே. பங்சாவானில் திரை மாற்றும் இடைவேளையில் ஆடலும் பாடலும் நகைப்பும் கொண்ட தனி நிகழ்ச்சி ஒன்று உண்டு. அதற்கு 'எக்ஸ்ட்ரா டர்ன்' என்று பெயர். நம் நாடக மேடையில் பபூன் வந்து செய்த வேலையும் அதுவே. ஆகவே சென்னையிலிருந்து கப்பலேறி வந்த இயக்குநரும், ஜாலான் அம்பாஸில் அவருக்காகக் காத்திருந்த பங்சாவான் நடிகரும் ஒரே குடும்பத்தின் இரு கிளையினர் எனலாம். அவர்களுக்குப் பொதுமொழி இல்லை. பொது இலக்கணம் இருந்தது.

மலாய் மொழியின் முதற் பேசும்படமாகக் கருதப்படும் 'லைலா மஜ்னுன்' 1934 இல் சிங்கப்பூரில் திரையிடப்பட்டது. இயக்கியவர் ராஜ்ஹன்ஸ், நடித்தோர் பங்சாவான் கலைஞர். அரபு நாட்டுக் கதை பாரசீகத்தின் வழியே பார்சி மேடைக்கு வந்து, அங்கிருந்து பங்சாவானுக்கும் பின்னர்த் திரைக்கும் ஏறிற்று. எவருக்கும் புதிதல்லாத கதை அது. அதனைத் தேர்ந்தது வணிகக் கணக்கு எனினும், அக்கணக்கில் ஓர் அறிவு உண்டு: மொழி தடுமாறினும் கதை கைவிடாது.

ஷா நிறுவனத்தின் தேர்வு

போருக்கு முன்னரே ஷா நிறுவனத்தார் மலாய்ப் படங்களை எடுத்துப் பார்த்தனர் என்பது பலரும் கவனியாத செய்தி. 1940, 1941 ஆகிய ஆண்டுகளில் அப்படங்களை இயக்கியவர் ஹௌ யாவ் என்னும் சீனரும் அவருடன் பணியாற்றிய வான் ஹோய்லிங் அம்மையாரும் ஆவர். இவ்விடத்து ஒரு வியப்பு உண்டு. 1920களின் நடுவில், திரைக்கதை எழுதும் முறை பற்றிச் சீன மொழியில் முன்னோடி நூலொன்றை இயற்றியவர் இதே ஹௌ யாவ்தான். பாத்திரம், முரண், நெருக்கடி என்று திரைக்கதையின் உறுப்புகளை வகுத்துச் சொன்ன அறிஞர் ஒருவர், தம் மொழியல்லாத மலாயில் அவ்விலக்கணத்தைச் சோதித்துப் பார்க்கச் சிங்கப்பூருக்கு வந்திருக்கிறார். சோதனை முற்றுப்பெறவில்லை. 1942 இல் சப்பானியர் சிங்கப்பூரைக் கைப்பற்றியபின் அவர் கொல்லப்பட்டார்.

போருக்குப் பின் ஷா நிறுவனத்தார் இந்திய இயக்குநர்களை நாடியதற்குக் காரணம் தேடி அலைய வேண்டுவதில்லை. மலாயா முழுதும் திரையரங்குகளை நடத்திய அவர்களுக்கு, எந்தப் படத்திற்கு எவர் வருகின்றனர் என்பது நுழைவுச்சீட்டுக் கணக்கிலிருந்தே தெரியும். இந்திப் படங்களுக்கும் தமிழ்ப் படங்களுக்கும் மலாய் மக்கள் வந்தனர். நகர அரங்குகளில் மட்டுமன்று. கம்பத்துத் திடல்களில் வெண்துணி கட்டிக் காட்டப்பெற்ற 'வாயாங் பாச்சாக்' எனும் திறந்தவெளிக் காட்சிகளிலும், தோட்டப்புற லயங்களின் முன் காட்டப்பெற்ற படங்களிலும் கூட்டம் கலந்தே இருந்தது. மொழி புரியாமலே அழுத இரசிகர் அவர்கள். அவர்களை அழவைக்கத் தெரிந்தவரையே வரவழைத்தால் என்ன என்பதே நிறுவனத்தாரின் எண்ணம்.

மொழிபெயர்ப்பு மேசை

இந்திய இயக்குநர் பலரும் தம் திரைக்கதையை ஆங்கிலத்திலேயே எழுதினர். அதனை மலாயில் பெயர்க்கும் பணி கூடத்தின் மலாய் உதவியாளர்களுக்கு உரியது. பின்னாளில் தாமே இயக்குநர்களாக உயர்ந்த ஜமில் சுலோங், ஓமர் ரோஜிக் போன்றோர் இவ்வகைப் பணிகளின் வழியே தொழில் கற்றவர்கள். கதை இயக்குநரின் உள்ளத்தில் அவர் தாய்மொழியில் உருவாகி, தாளில் ஆங்கிலமாகி, நடிகர் நாவில் மலாயாகிறது. இம்மூன்று படிகளையும் கடந்து எது எஞ்சும், எது உதிரும் என்பதே நம் ஆய்வுக்கு முதன்மையானது.

சிலேடை உதிரும். பழமொழி பாதி உதிரும். ஒருவர் மற்றவரை விளிக்கும் முறையில் அடங்கியுள்ள மரியாதையும் உரிமையும் பெரும்பாலும் உதிரும். எஞ்சுவது நிகழ்ச்சி: தாய் மகனைப் பிரிகிறாள், செல்வர் ஏழையை வாயிலிலிருந்து துரத்துகிறார், நெடுநாள் கழித்து ஒரு பாட்டைக் கேட்டு ஒருவர் மற்றவரை அடையாளம் காண்கிறார். எனவே இவ்வியக்குநர்கள் உரையாடலில் ஊன்றாமல் நிகழ்ச்சிக் கோவையிலும், பாட்டிலும், முகத்திலும் ஊன்றினர். இதனைக் கலைக்குறை என்று எளிதில் ஒதுக்கிவிடுவோர் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. பல இனத்தார் ஒரே கொட்டகையில் அமர்ந்த நாட்டில், உரையாடலைச் சாராத திரைக்கதையே அனைவரையும் எட்டவல்லது.

எல். கிருஷ்ணன் இவர்களுள் சற்று வேறுபட்டவர். 1922 இல் சென்னையில் பிறந்து, சிறுவயதிலேயே மலாயாவுக்கு வந்து வளர்ந்தவர்; போருக்குப் பின் சென்னைக்குச் சென்று திரைத்தொழில் பயின்று திரும்பியவர். மலாய்ப் பேச்சை அவர் காதால் அறிவார். அதுவரை எதிர்நாயகனாகவும் பின்னணிப் பாடகராகவும் இருந்த ரம்லியை, 1950 இல் 'பக்தி' என்னும் படத்தில் கதைத்தலைவராக்கியவர் அவரே. அழகு இவ்வாறிருக்க வேண்டும் என்ற அக்கால வழக்கிற்கு மாறாக, பார்ப்போரில் ஒருவரைப் போன்ற முகத்தைக் கதையின் நடுவில் நிறுத்தியது, திரைக்கதை முடிவும் ஆகும். கதைத்தலைவன் யார் என்பதைப் பொறுத்தே கதை யாருடையது என்பது அமைகிறது.

'அனாக்கு சசாலி': ஒரு கூர்நோக்கு

இக்காலப் படங்களுள் திரைக்கதைக் கட்டமைப்பில் சிறந்ததாக நாம் கருதுவது மஜும்தாரின் 'அனாக்கு சசாலி' (1956). 'என் மகன் சசாலி' என்று பொருள். கல்கத்தாவின் நியூ தியேட்டர்ஸ் நிறுவனத்தில் சைகல், கானன் தேவி நடித்த 'ஸ்ட்ரீட் சிங்கர்' (1938) படத்தை இயக்கியவர் மஜும்தார். அந்நிறுவனத்தின் அழுத்தமான குடும்ப சோகமும், பாட்டைக் கதையின் எலும்பாக்கும் முறையும் அவரோடு சிங்கப்பூருக்கு வந்தன.

பெற்றோரை இழந்த ஹசான் ஒரு செல்வர் வீட்டில் வளர்கிறான். இசையில் தேர்ந்து புகழ்பெறுகிறான். அவ்வீட்டுப் பெண்ணையே மணக்கிறான். அவளோ மகனை ஈன்று இறந்துபோகிறாள். தாயற்ற பிள்ளை என்ற இரக்கத்தால் மகன் சசாலி கேட்பதெல்லாம் பெறுகிறான், செய்வதெல்லாம் மன்னிக்கப்படுகிறது. வளர்ந்து குற்றவாளியாகிறான். இறுதியில் அடைக்கலம் தேடித் தந்தையிடமே வருகிறான். தந்தை காவல்துறைக்குச் செய்தி அனுப்புகிறார்.

தந்தை, வளர்ந்த மகன் ஆகிய இருவராகவும் நடித்தவர் ரம்லியே. இரட்டை வேடம் நம் படங்களில் பெரும்பாலும் ஆள்மாறாட்டத்திற்கும் வேடிக்கைக்கும் பயன்படுவது. இங்கோ அது பொருளோடு பிணைந்துள்ளது. மகனைக் கைவிடும் தந்தை தன் முகத்தையே பார்த்துக் கைவிடுகிறார். மொழிபெயர்க்க ஒன்றுமில்லை; எந்த மொழியினரும் காணலாம்.

இப்படத்தை நாம் மாணவர்களுக்குத் திரையிட்டபோது நேர்ந்த ஒன்றைக் குறிப்பிடலாம். மலாய் அவ்வளவாகத் தெரியாத தமிழ் மாணவர் சிலர், அடுத்து வரப்போகும் காட்சியை முன்கூட்டியே சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தனர். பழைய தமிழ்ப் படம் போல் இருக்கிறதே என்பது அவர்கள் கேலி. சசாலி கதவைத் தட்டும் இறுதிப் பகுதியில் அச்சிரிப்பு நின்றுவிட்டது. முன்பே தெரிந்த கதை என்பதனால் அதன் ஆற்றல் குறையவில்லை. தெரிந்திருந்ததே அவர்களை அங்குக் கொண்டுபோய் நிறுத்திற்று. தெருக்கூத்துப் பார்ப்போருக்குத் திரௌபதியின் கதை தெரியாதா என்ன?

குற்றம் செய்த மகனுக்கு எதிராகப் பெற்றவரே நிற்பது என்னும் முடிவு, 1957 இல் வெளிவந்த 'மதர் இந்தியா' வழி இந்திய இரசிகர் உள்ளத்தில் நிலைபெற்றது. 'அனாக்கு சசாலி' அதற்கு முந்தையது. எது எதனைப் பார்த்து எழுதப்பட்டது என்னும் விளையாட்டில் இறங்க நாம் விரும்பவில்லை. சிங்கப்பூர்க் கூடம் வெறும் நகலெடுக்கும் இடமாக இருந்தது என்னும் எண்ணத்திற்கு இஃது ஒரு தடை என்பதோடு அமைவோம். 1957 இல் தோக்கியோவில் நடந்த ஆசியத் திரைப்பட விழாவில் ரம்லி இப்படத்திற்காகச் சிறந்த நடிகர் விருது பெற்றார்.

'ஹங் துவா'வும் அதன் இடரும்

குடும்பக் கதையில் வென்ற முறை, ஓர் இனத்தின் காப்பியத்தைத் தொட்டபோது இடர்ப்பட்டது. அதே 1956 இல் மஜும்தார் வண்ணப்படமாக எடுத்த 'ஹங் துவா', ஷெப்பர்டு என்னும் ஆங்கில அதிகாரியின் நூலை ஒட்டி அமைந்தது. மலாயரின் 'ஹிக்காயாட்' ஆங்கிலேயர் கைவழியே வங்காளி ஒருவரை அடைந்து, மீண்டும் மலாயில் பேசிற்று. விடுதலைக்கு ஓராண்டு எஞ்சியிருந்த வேளையில் இது பலருக்கு உறுத்தியதில் வியப்பில்லை. காட்டுவாழ் பெண் மெலூரின் காதலுக்கும் அவள் பாட்டுக்கும் படத்தில் தரப்பட்ட பேரிடம், இந்தியத் திரைக்கதை வழக்கின் தெளிவான அடையாளம். கூட்டத்திற்கு அது பிடித்தது என்பதும் உண்மை.

ஆனால் இப்படத்தின் முடிவு கூர்ந்து நோக்கற்பாலது. மன்னனுக்காகத் தன் நண்பன் ஜெபாட்டைக் கொன்ற ஹங் துவா, தான் செய்தது சரிதானா என்னும் ஐயத்தோடு தனித்து நிற்கப் படம் நிறைவுறுகிறது. வெற்றி முழக்கத்தை எதிர்பார்த்த பொது இரசிகருக்கு வினாவைக் கொடுத்தனுப்பியது துணிவான செயலே. ஐந்தாண்டு கழித்து, போட்டி நிறுவனமான கெத்தே-கெரிஸில் ஹுசேன் ஹனீஃப் இயக்கிய 'ஹங் ஜெபாட்' (1961), அலி அசீசின் நாடகத்தைத் தழுவி, ஜெபாட்டையே கதைத்தலைவனாக்கிற்று. மஜும்தார் எழுப்பிய ஐயத்தை ஒரு மலாய் இயக்குநர் விடையாக்கினார் எனலாம். இதனை வாதமாகவே முன்வைக்கிறோம். நேரடித் தாக்கத்திற்குச் சான்று இருப்பதாகக் கூறவில்லை.

பி. என். ராவும் பொந்தியானாக்கும்

தமிழ் வாசகர் பி. என். ராவை வேறொரு வழியில் அறிவர். 'ரம்பையின் காதல்' (1939), 'மதனகாமராஜன்' (1941) ஆகிய தமிழ்ப் படங்களை இயக்கியவர் அவர். மாயமும் உருமாற்றமும் நிறைந்த நாட்டார் கதையைத் திரைக்கு ஆக்குவதில் அவருக்கிருந்த பயிற்சி, கெத்தே-கெரிஸ் நிறுவனத்திற்காக 1957 இல் அவர் எடுத்த 'பொந்தியானாக்' படத்தில் பயன்பட்டது. கதையை எழுதியவர் அப்துல் ரசாக். நடித்தவர் மரியா மெனாடோ.

பேறுகாலத்தில் இறந்த பெண்ணே பொந்தியானாக் ஆகிறாள் என்பது மலாய் மரபு. சூலுற்று இறந்தவளுக்காகச் சுமைதாங்கிக் கல் நாட்டிய தமிழர்க்கு இந்நம்பிக்கையை விளக்க வேண்டியதில்லை. ஆயின் படம் இம்மரபை அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. கூனியாகவும் அழகற்றவளாகவும் இகழப்பட்ட ஒருத்தி மந்திர மருந்தால் பேரழகு பெறுகிறாள். இரத்தம் சுவைக்கலாகாது என்பது அவளுக்கு விதிக்கப்பட்ட நிபந்தனை. மணமாகிக் குழந்தையும் பிறந்தபின், கணவனை நஞ்சு தீண்டுகிறது. அவனைக் காக்க அந்நஞ்சை அவள் வாயால் உறிஞ்சுகிறாள், பேயாகிறாள்.

எத்தகைய மாற்றம் இது! அஞ்சத்தக்கவள் இரங்கத்தக்கவளாகிவிட்டாள். அவள் வீழ்ச்சிக்குக் காரணம் தீமையன்று, கணவன்மேல் கொண்ட அன்பு. திகில் தேடி வந்த இளைஞரும், கண்ணீர் சிந்த வந்த பெண்டிரும், மலாயரும், சீனரும், இந்தியரும் ஒரே கதையில் தத்தமக்குரியதைக் கண்டனர். படம் சீன மொழியில் ஒலிமாற்றம் பெற்றும் காட்டப்பட்டது. அவ்வாண்டிலும் அடுத்த ஆண்டிலும் இரு தொடர்ச்சிகள் வந்தன. அத்தகைய படத்தின் படிச்சுருள் இன்று கிடைப்பதில்லை. இந்நாட்டில் மக்கள் திரண்டு கண்ட படைப்பை நாம் சுவரொட்டிகள் வாயிலாகவும் முதியோர் நினைவின் வாயிலாகவும் அறிய வேண்டியிருப்பது வருத்தத்திற்குரியது.

பேச்சு வந்த வழி

இதுகாறும் கூறியவை இந்திய இயக்குநர்களின் வலிமை. அவர்கள் எட்ட இயலாத ஓரிடமும் உண்டு: நகைச்சுவை. கண்ணீருக்கு மொழிபெயர்ப்பாளர் போதும், சிரிப்புக்குப் போதார்.

ரம்லி முதலில் இயக்கிய 'பெனாரிக் பேச்சா' (1955), ஏழை மிதிவண்டி இழுப்பவனும் செல்வர் மகளும் காதலிக்கும் கதை. கட்டமைப்பில் அவர் தம் இந்திய ஆசான்களிடம் கற்ற பாடமே அது: பெண்ணின் செருக்குற்ற தந்தை, பகட்டான தீயவன், நற்குணத்தால் வெல்லும் ஏழை. ஆனால் தெருவில் வண்டிக்காரர் தமக்குள் பேசிக்கொள்ளும் பேச்சில் வேறொரு காற்று வீசுகிறது. 1957 இல் வந்த 'பூஜாங் லாப்போக்'கில் அக்காற்று முழு வீட்டையும் நிறைத்தது. வாடகை வீட்டில் ஒண்டிக்குடியிருக்கும் மூன்று முதிர் பிரமச்சாரிகள். பெருஞ் சதி எதுவுமில்லை. வாடகைப் பாக்கி, காதல், சம்பளம், வாய்ச்சண்டை. மொழிபெயர்ப்பு மேசையில் எது உதிர்ந்ததோ, அதுவே இங்குக் கதையாயிற்று.

அதே 1957 இல் ஜாலான் அம்பாஸில் கலைஞரும் ஊழியரும் பணிநிறுத்தம் செய்தனர். உள்ளூர்க் கலைஞர் தம் இடத்தைக் கோரிய காலம் அது. அடுத்த சில ஆண்டுகளில் இந்திய இயக்குநர்கள் ஒவ்வொருவராக அக்கூடத்தைவிட்டு நீங்கினர். மலாய் இயக்குநர்கள் பொறுப்பேற்றனர். இதனை இழப்பாகக் காட்டும் கட்டுரைகளை நாம் கண்டதுண்டு. அது முறையன்று. தம் கதையைத் தாமே எழுத வேண்டும் என்று ஒரு சமூகம் கேட்பது நியாயமே. எனினும், 'இபு மெர்த்துவாக்கு' (1962) போன்ற ரம்லியின் துன்பியல் படத்தில், இசைக்கலைஞன், செருக்குற்ற மாமியார், பிரிவு, தன் கண்களைத் தானே அழித்துக்கொள்ளும் முடிவு என்று கதை நகரும்போது, மஜும்தாரின் பள்ளியைக் காணாதிருக்க இயலாது. பேச்சு ரம்லியுடையது, எலும்புக்கூடு பழையது.

'செனிமான் பூஜாங் லாப்போக்' (1961) படத்தில் அம்மூன்று பிரமச்சாரிகளும் நடிகராக விரும்பி ஜாலான் அம்பாஸ் கூடத்தின் வாயிலுக்கே வருகின்றனர். அங்கு அவர்களைத் தடுத்து நிறுத்துபவர் தலைப்பாகை அணிந்த பஞ்சாபிக் காவலர். அவருடைய உடைந்த மலாய்ப் பேச்சு கொட்டகையைச் சிரிக்க வைத்தது. உள்ளே இயக்குநராக அமர்ந்திருப்பவரோ மலாயர். பத்தாண்டுக்கு முன் இவ்விடங்கள் எவ்வாறிருந்தன என்பதை எண்ணிப் பார்க்கும்போது, இந்நகைச்சுவையில் ரம்லி ஒரு வரலாற்றையும் பதிந்து வைத்தார் என்றே தோன்றுகிறது.

எல். கிருஷ்ணன் இந்நாட்டிலேயே தங்கி, பின்னர்க் கோலாலம்பூரில் மெர்டேக்கா கூடத்தின் பணிகளில் ஈடுபட்டார். மஜும்தார் பம்பாய்க்குத் திரும்பினார். அங்கு 1965 இல் அவர் இயக்கிய 'ஊஞ்சே லோக்' என்னும் இந்திப் படத்தின் மூலம், கே. பாலசந்தரின் 'மேஜர் சந்திரகாந்த்' என்னும் தமிழ் நாடகம். மீண்டும் தமக்குத் தாய்மொழியல்லாத ஒரு மொழியிலிருந்து பிறிதொரு மொழிக்கு ஒரு கதையை எடுத்துச்சென்றார். அக்கதையில் கண்ணிழந்த தந்தை ஒருவர் இருக்கிறார். காவல்துறை அதிகாரியான மூத்த மகன் இருக்கிறான். ஒரு பெண்ணைக் கைவிட்ட இளைய மகன் இருக்கிறான். சட்டத்திற்குத் தப்பி அடைக்கலம் தேடி அவ்வீட்டுக் கதவைத் தட்டும் ஒருவனும் இருக்கிறான்.